ஒருசந்திக் குடுவை

பச்சையாகத்தான் இருந்தது. ரெஜினா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள், அப்போதும் பச்சை. டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், அட சனியனே, அப்போதும் பச்சை. வைக்கோல் நிறத்துக்கு வெளிறிப்போய் அடியில் படிந்து கிடக்க வேண்டிய குடுவை இது, கலியாண வீட்டு வாழையிலை மாதிரி மினுங்குகிறது. பாசி ரூமில் ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது, வெளியே வராந்தாவில் பிள்ளைகள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள், தூத்துக்குடி வெயில் காலையிலேயே ஜன்னல் கம்பியைச் சுட வைத்திருந்தது, உலகத்தில் எல்லாம் அதது பாட்டுக்கு நடக்க இந்த ஒரு குடுவை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் நிற்கிறது. தட்டில் நாலு வகைக் குடுவைகள். ஒன்றில் பாசிக்கு நைட்ரேட் உப்பு, ஒன்றில் யூரியா, ஒன்றில் கிளைசின் என்கிற அமினோ அமிலம், நாலாவதில் ஒன்றும் கிடையாது. மற்ற சத்தெல்லாம் உண்டு, நைட்ரஜன் மட்டும் துளிகூடக் கிடையாது. நைட்ரஜன் இல்லாமல் எந்தப் பாசியும் பச்சையாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை, அந்தப் பச்சைக்கே அது வேண்டும், புரதத்துக்கு வேண்டும், பிள்ளை பெறுவதற்கு வேண்டும். வெறுங்குடுவைக்கு, இதே ரூமில் ஆராய்ச்சி செய்கிற ஏரல் பிள்ளை இசக்கியம்மாள் வைத்த பெயர் பட்டினி. ரெஜினா வேதக்காரி, தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் உண்டு மிச்ச நேரம் வயிற்றைக் காயப்போடுகிற ஒருசந்தியிலேயே வளர்ந்தவள், அவள் அதை ஒருசந்திக் குடுவை என்றாள். வரும்போது உடம்பில் கொண்டுவந்த கொஞ்சத்தைத் தின்று தீர்த்துவிட்டு அப்புறம் அது வாடத்தான் வேண்டும். வாடவில்லை. மூன்றாவது தடவையாக வாடவில்லை. ஒரு குடுவை பச்சையாக இருந்தால் அப்படி என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். முழுகிவிடும். உப்பளத்து வாய்க்காலில் அவள் கையால் அள்ளிவந்த இந்தக் கடுகிலும் சின்னப் பாசி, கிளைசினை முழுசாகவே தன் தோல் வழியாக இழுத்து உள்ளே வைத்துச் செரித்துக்கொள்கிறது என்றுதான் ஆறு வருஷமாக ரெஜினா சொல்லிக்கொண்டிருக்கிறாள். பட்டினி கிடக்கிறதே கொழுத்துப்போய் நின்றால், கிளைசின் தின்றதால்தான் மற்றது கொழுத்தது என்று எந்த வாயால் சொல்லுவது?

யாரோ ஊட்டுகிறார்கள். அதுதான். வேறு வழியில்லை. நேற்றே பேராசிரியர் கோமதிநாயகத்திடம் போய்ச் சொல்லிவிட்டாள், "யாரோ கை வைக்காங்க சார்." அவர் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "யாரோன்னா? அந்த ரூமுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு ஒங்கிட்ட, இன்னொண்ணு அந்த ஏரல் பிள்ளகிட்ட. யாரோன்னு சொல்லாத, பேரச் சொல்லு. நாளைக்கு என் கிளாஸ் முடிஞ்சதும் வா. கை வச்சது யாரோ அவ சாவியக் குடுத்துட்டுப் போயிரணும், அவ்வளவுதான், ஒரு ரூமுக்கு ஒரு கை." போயிரணும் என்றால் என்ன அர்த்தம் என்று ரெஜினாவுக்குத் தெரியும். சாவி இல்லையென்றால் ரூம் இல்லை, ரூம் இல்லையென்றால் ஆராய்ச்சி இல்லை, ஆராய்ச்சி இல்லையென்றால் இசக்கியம்மாளின் அண்ணன்மார் இருவரும் மறுநாளே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், அவளே சொல்லியிருக்கிறாள், "படிக்கேன்னு சொல்லித்தான் தப்பிச்சுக் கெடக்கேன் எக்கா" என்று சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டே ஏன் சொல்ல வேண்டும்? அழ வேண்டிய விஷயத்தைச் சிரித்துக்கொண்டு சொல்கிறவளை எப்படி நம்புவது? ரெஜினா குடுவையைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். இன்றைக்குப் பெயர் சொல்ல வேண்டும். பெயரும் ஒன்றுதான் இருக்கிறது. ரூமில் இருவர், அதில் ஒருத்தி நான், நான் இல்லையென்றால் அவள், இதில் யோசிக்க என்ன கிடக்கிறது, ஒன்றாம் வகுப்புக் கணக்கு. பின்னே ஏன் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறேன். ஏ.சி. குளிர். ஏ.சி. குளிர்தான்.

இசக்கியம்மாள் வேலை பார்ப்பதே யூரியாவில். அதை முதலில் சொல்ல வேண்டாமா சார், என்று மனதுக்குள் கோமதிநாயகத்திடம் வழக்குப் பேசினாள் ரெஜினா. அலமாரியில் அந்த வெள்ளை டப்பா, மூடியை அவள் எப்போதும் லூசாகவே வைப்பாள், ஒரு சிட்டிகை போதும், ஒரு சிட்டிகையிலும் கால்வாசி போதும், பாசி அதை உள்ளே இழுத்து வெட்டி நைட்ரஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விட்டுவிடும், தடயமே இருக்காது. காலையில் ஏரல் பஸ்ஸைப் பிடித்து எனக்கு முந்தியே வந்துவிடுகிறாள், எதற்கு? யாரும் வரும் முன்னே தனியாக இங்கே அவளுக்கு என்ன வேலை? குடுவைகளோடு பேசுவாளாம். "என்னட்டி, ராத்திரி நல்லா ஒறங்குனியா" என்று அவள் கேட்டதை ரெஜினா கதவுக்கு இந்தப்புறம் நின்று கேட்டிருக்கிறாள். பேசுகிறவள் ஊட்டவும் செய்வாள். வயிறு வாடிக் கிடக்கிறதே பாவம் என்று ஒரு சொட்டு விட்டிருப்பாள், இரக்கப்பட்டே விட்டிருக்கலாம், இரக்கம் என்ன நல்ல சாமானா, எங்கள் வீட்டில் பெரிய வெள்ளிக்கிழமை சின்னத் தம்பிக்கு ஒளித்துவைத்து முறுக்கு கொடுத்ததும் இரக்கம்தான். அன்றைக்கெல்லாம் அம்மா எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஆ காட்டு என்று சொல்லி, ஒவ்வொரு வாயாக மோந்து பார்ப்பாள். கர்த்தர் சிலுவையில் தொங்கும்போது எவன் வாயில் எண்ணெய் வாசம் வருகிறது என்று பார்ப்பதிலேயே அம்மாவுக்கு அந்த நாள் முழுக்கப் போய்விடும், ஜெபம் எங்கே சொன்னாள். அந்த மூக்குத்தான் எனக்கு வந்திருக்கிறது என்று ரெஜினா நினைத்தாள், நினைத்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. புருஷன் பெலிக்ஸ் துறைமுகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றினால் போதும், இவள் தூக்கி மோந்துவிட்டுத்தான் வாளியில் போடுவாள். "என்னத்தட்டி தேடுத?" என்பான். ஒன்றுமில்லை என்பாள். ஒன்றும் இருந்ததும் இல்லை, பாவம், டீசல் வாசம்தான். இருந்தாலும் மோந்து பார்க்காமல் எப்படி விடுவது? மோந்து பார்க்காத வாரம்தான் ஏதாவது இருக்கும்.

மைக்ராஸ்கோப்பின் கீழே ஒருசந்திக் குடுவையிலிருந்து ஒரு சொட்டை வைத்தாள். திருகியைத் திருகத் திருக மங்கலாய்க் கிடந்ததெல்லாம் உருண்டு திரண்டு வந்தது. குண்டு குண்டாய், பச்சைப் பயறு உருட்டிவிட்ட மாதிரி, ஒவ்வொன்றுக்குள்ளும் கிண்ணம் போலப் பச்சை. சில உருண்டைகள் உள்ளுக்குள்ளேயே நாலாகப் பிரிந்து தோலைக் கிழிக்கத் தயாராக இருந்தன. பட்டினி கிடக்கிறவள் நாலு பிள்ளை பெறப் போகிறாள், கேட்டீர்களா கதையை. ரெஜினா உருண்டைகளுக்கு இடையில் இருக்கும் வெற்று இடத்தைத்தான் தேடினாள், எப்போதும் அவள் பார்ப்பது அங்கேதான், அந்த வெற்று இடத்தில் நெளிகிற, துடிக்கிற, புள்ளியாய் ஓடுகிற பாக்டீரியாவை. ரெண்டு வருஷத்துக்கு முந்தி வரை அவள் அங்கே பார்த்ததே கிடையாது. துறைக் கருத்தரங்கில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்தார், நல்ல மனுஷன், சிரித்த முகம், "ரெஜினாம்மா, தட்டுல வச்ச கிளைசின் காலியாயிருக்கு, சரி. தின்னது ஒங்க பிள்ளதான்னு எப்பிடிச் சொல்றீங்க? பக்கத்து வீட்டுப் பிள்ள தின்னிருந்தா?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. கோமதிநாயகம்கூடச் சிரித்தார், வெற்றிலை தெரியச் சிரித்தார். கேள்வி நியாயமான கேள்விதான். சில பாசி அமினோ அமிலத்தை முழுசாக விழுங்கும். சில பாசி வாசலிலேயே உட்கார்ந்து, தோலுக்கு வெளியிலேயே அதன் நைட்ரஜனைப் பிய்த்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தெருவில் எறிந்துவிடும். இன்னும் சில ஒன்றுமே செய்யாது, கூட இருக்கிற பாக்டீரியா கடித்துக் குதறி அமோனியாவாக விட்டதை நக்கிவிட்டு நான்தான் சமைத்தேன் என்று நிற்கும். எது எவள் என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. மூன்று பேருமே பச்சையாகத்தான் இருப்பார்கள். அன்றிலிருந்து ரெஜினாவுக்கு உறக்கம் போயிற்று. என் பிள்ளைதான் தின்றாள், என் பிள்ளைதான் தின்றாள் என்று சொல்லிக்கொண்டே, ஒருவேளை இல்லையோ, ஒருவேளை இல்லையோ என்று அரித்தது. அப்போதுதான் மருந்தைக் கையில் எடுத்தாள்.

பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், இரண்டையும் கலந்து ஒரு சின்னப் பாட்டிலில் பிரிட்ஜில் வைத்திருக்கிறாள். பாக்டீரியா செத்துப்போகும், அளவோடு விட்டால் பாசிக்கு ஒன்றும் ஆகாது. எல்லோரும் செய்வதுதான். புத்தகப்படி ஒரு தடவை விட்டுச் சுத்தம் பண்ணி, அப்புறம் மருந்தில்லாத தண்ணீருக்குப் பாசியை மாற்றிவிட வேண்டும். ரெஜினாவும் அப்படித்தான் ஆரம்பித்தாள். ஆனால் மாற்றின பிறகு குடுவை வாயை அடைத்திருக்கும் பஞ்சு வழியாகப் பாக்டீரியா புகுந்துவிட்டால்? அதனால் இன்னொரு சொட்டு. கதவு திறந்து கிடந்த அன்றைக்கு ஒரு சொட்டு. இசக்கியம்மாள் தும்மின அன்றைக்கு ஒரு சொட்டு, ரெண்டு தும்மல் என்றால் ரெண்டு சொட்டு. எல்லாக் குடுவைக்கும் விட்டாள், எதன்மேல் சந்தேகம் அதிகமோ அதற்குக் கொஞ்சம் கூடவே விட்டாள். அப்புறம் ஒரு நாள் தோன்றியது, நம் வீட்டைக் கழுவி என்ன பிரயோசனம், பக்கத்து வீடு நாறிக்கொண்டு கிடந்தால் ஈ இங்கே வராதா? இசக்கியம்மாள் சாயங்காலப் பஸ்ஸுக்கு ஓடின பிறகு அவள் தட்டுக்கும் போய் ஒவ்வொரு பஞ்சாகத் திறந்து ஒவ்வொரு சொட்டு விட்டு மூடி வைத்தாள். வாரம் தவறாமல். அது கை வைப்பதில் சேர்த்தியா என்ன? நல்லதுக்குத்தானே. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போலியோ சொட்டு மருந்து விட்டால் போலீசா வரும்? அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் என்னத்துக்கு எக்கா என்று ஆயிரம் கேள்வி கேட்பாள், அவ்வளவுதான். ரெஜினா திருகியை மெல்ல அசைத்து வெற்று இடங்களைத் துழாவினாள். ஒன்றும் ஓடவில்லை. ஒன்றும் நெளியவில்லை. கழுவித் துடைத்த கோயில் தரை மாதிரி கிடந்தது. பாக்டீரியா இல்லை, சந்தோஷப்பட வேண்டியதுதானே, ஆனால் பாக்டீரியாவும் இல்லையென்றால் பின்னே யார்? மனுஷிதான். மனுஷி, ஏரல்காரி, யூரியாக்காரி.

கதவு திறந்தது, இசக்கியம்மாள். கையில் தண்ணீர்ப் பாட்டில், தலையில் ஏரலிலிருந்தே வைத்துக்கொண்டு வந்த பிச்சிப்பூ, பஸ்ஸில் கசங்கி வாடியிருந்தது. இவ்வளவு நேரம் எங்கே இருந்தாள், அவள் பை காலையிலேயே நாற்காலியில் கிடக்கிறதே. "எக்கா, டீ குடிக்கியளா? கேண்டீன் போறேன்." வேண்டாம் என்று ரெஜினா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அப்பிடியா. ஒங்க ஒருசந்தி இன்னிக்கும் சாப்புட்டுருச்சு போல?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது, அதே சிரிப்போடு. ரெஜினாவுக்கு உச்சந்தலையில் சுருக்கென்று ஏறியது. என்ன தைரியம் பாருங்கள், தின்னக் கொடுத்தவளே வந்து சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள்! "ஆமா. யாரோ நல்லா ஊட்டி வளக்காவ," என்றாள். சிரிப்பு நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை என்றாலும் நின்றது தெரிந்தது. பிறகு இசக்கியம்மாள் தன் தட்டுக்குப் போனாள், ஒரு குடுவையை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். தண்ணீரைப் பார்க்கவில்லை. ரெஜினா இமைக்கு ஓரமாகக் கவனித்தாள், அவள் பாசியையே பார்க்கவில்லை, குடுவையின் கழுத்தைப் பார்க்கிறாள். ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்று. இன்னொன்று. அப்புறம் நிமிர்ந்து ரெஜினாவின் முதுகை நேராகப் பார்த்தாள், அந்தப் பார்வை முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி விழுந்தது. "சார் கிளாஸ் முடிஞ்சதும் என்னையும் வரச் சொல்லிருக்காவ எக்கா," என்றாள். "தெரியுமா ஒங்களுக்கு?" தெரியாது என்றாள் ரெஜினா. "அப்பிடியா," என்றாள் மறுபடி, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த அப்பிடியாவில் நம்பிக்கை ஒரு பொட்டுகூட இல்லை.

அவளையும் ஏன் கூப்பிட வேண்டும்? நேற்று நான் போய்ச் சொன்னதற்கு முந்தியே அவள் போய்ச் சொல்லியிருக்கிறாளோ? என்ன சொல்லியிருப்பாள்? ரெஜினா எழுந்து அந்தத் தட்டுக்குப் போனாள். இசக்கியம்மாளின் குடுவைகள் எல்லாவற்றிலும் கழுத்தில் ஒரு கறுப்புப் பொட்டு உண்டு, கண்மை. மாசக்கணக்காகப் பார்த்துப் பழகினதுதான். ஆரம்பத்தில் ஒரு நாள் கேட்டுச் சிரித்திருக்கிறாள், "என்னட்டி, பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டா?" என்று. "ஆமாக்கா, யாரு கண்ணும் பட்டுரக் கூடாதுல்லா," என்றாள் அவளும். இந்து வீட்டுப் பிள்ளை, பாசிக்கும் மை வைக்கிறாள் என்று ரெஜினா வீட்டில் போய் பெலிக்ஸிடம் சொல்லி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அதே குடுவையைக் கையில் எடுத்துக் கழுத்தைப் பார்த்தாள். பொட்டு முழுசாக இல்லை. கண்ணாடியில் பாதி, பஞ்சில் பாதி. பஞ்சும் கண்ணாடியும் சேருகிற விளிம்பில் ஒரே இழுப்பாக இழுத்த மை, கண்ணாடியில் இருக்கிற பாதி ஒரு பக்கம், பஞ்சில் இருக்கிற பாதி கட்டைவிரல் அகலம் தள்ளி வேறு பக்கம். அடுத்த குடுவையிலும் தள்ளி. அடுத்ததிலும். இது கண்ணேறுக்கு வைத்த பொட்டு இல்லையடி பைத்தியக்காரி, முத்திரை. எவளோ திறக்கிறாள், திறந்தால் பஞ்சு திரும்பும், திரும்பினால் மை விலகும், விலகினால் தெரியும். வைத்தவள் இத்தனை மாசமாக ஒவ்வொரு காலையும் எனக்கு முந்தி வந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னட்டி ராத்திரி நல்லா ஒறங்குனியா. ரெஜினாவுக்கு முகம் காந்தியது. கண்ணு பட்டுரக் கூடாதுல்லா என்று என் மூஞ்சிக்கு நேரேதான் சொல்லியிருக்கிறாள், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். முதலில் வந்தது கோபம்தான், என்னையே வேவு பார்த்தாளா என்ற கோபம். அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதமாக, வெட்கம் வந்தது. திறந்தவள் நான்தானே.

நான்தான் திறந்தேன், ஆனால் மருந்துதானே விட்டேன், யூரியா விடவில்லையே, அவள் என் குடுவையில் யூரியா விட்டிருக்கிறாள், நான் அவள் குடுவையில் மருந்து, மருந்துதான், வெறும் மருந்து. அந்த இடத்தில் நினைப்பு ஒரு முள்ளில் துணி மாட்டின மாதிரி நின்றுவிட்டது. மருந்து. ஸ்ட்ரெப்டோமைசின். எம்.எஸ்ஸி. பரீட்சைக்கு அதன் படத்தை வரைந்து வரைந்து மனப்பாடம் பண்ணியிருக்கிறாள், மூன்று வளையம், அதில் ஒரு வளையத்துக்கு ரெண்டு பக்கமும் முளைத்த கொம்பு, அந்தக் கொம்புகளில், ஐயோ, அந்தக் கொம்புகளில் எழுத்து என்ன? என். என், என், என். ஒவ்வொரு கொம்பிலும் மும்மூன்று நைட்ரஜன். பெனிசிலினிலும் உண்டு. ரெண்டுமே கரிமச் சேர்மம், ரெண்டிலுமே நைட்ரஜன். ஒரு தடவை விட்டுப் பாசியை மாற்றியிருந்தால் அது கணக்கிலேயே வராது, இவள் வாரம் தவறாமல் விட்டிருக்கிறாள். மருந்து பட்டுச் செத்த பாக்டீரியா மட்டும் எங்கே போகும், கரைந்து அந்தத் தண்ணீரில்தானே கிடக்கும், அதுவும் நைட்ரஜன்தானே. அமினோ அமிலத்தை முழுசாக விழுங்கத் தெரிந்த பிள்ளை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயே ரெஜினா, விழுங்கத் தெரிந்தவளுக்குக் கிளைசின் என்ன, இது என்ன, பசியில் கிடக்கிறவள் கிடைத்ததைத் தின்னமாட்டாளா? எந்தக் குடுவை மேல் சந்தேகம் அதிகமோ அதற்குத்தானே கூட ஒரு சொட்டு விட்டாய். எதன்மேல் அதிகம்? ஒருசந்தி மேல்தான். அது லேசாகப் பச்சை காட்டின அன்றிலிருந்து அதற்குத்தான் அதிகம், அதிகம் விட விட இன்னும் பச்சை, இன்னும் பச்சை ஆக ஆக இன்னும் அதிகம். எவளும் ஊட்டவில்லை. தாயார் நானேதான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஊட்டியிருக்கிறேன்.

இல்லை. நிச்சயமா என்ன? நிரூபணம் இருக்கிறதா? ஒரு நினைப்புத்தானே, ஒரு நினைப்பு வந்த உடனே அது உண்மையாகிவிடுமா? ரெஜினா நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். யூரியாவும் விட்டிருக்கலாம் அவள், யார் கண்டது. பக்கத்தில் வெளிறியும் வெளிறாமலும் நிற்கிற இசக்கியம்மாளின் பட்டினிக் குடுவையைப் பார்த்தாள், அதுவும் வாட வேண்டிய அளவு வாடவில்லை. அதற்கு ஒரு சொட்டு, இதற்கு நாலு சொட்டு, பச்சையும் அதே கணக்கில் நிற்கிறது. இதைவிட நிரூபணம் என்ன வேண்டும், வானத்திலிருந்து குரல் வர வேண்டுமா? சரி, இப்போது என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். இந்த விஷயம் தெரிந்தது உலகத்தில் ஒரே ஆள். சாரிடம் போய் இசக்கி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, மூன்று நாலு குடுவையைக் கொட்டிவிட்டு, கை வைத்துக் கெடுத்துவிட்டாள் என்று எழுதிவிட்டு, மருந்தில்லாமல் கடைசிச் சோதனையை மட்டும் திரும்பச் செய்து தீசிஸைக் கட்டிவிடலாம். மற்றபடி நிஜத்தைச் சொன்னால்? ரெண்டு வருஷமாக எடுத்த அளவு ஒவ்வொன்றிலும் மருந்து இருக்கிறது. நைட்ரேட் குடுவையில், கிளைசின் குடுவையில், எல்லாவற்றிலும். ரெண்டு வருஷத்தையும் தூக்கிக் குப்பையில் போட வேண்டும். பெலிக்ஸ் தினமும் சோற்றில் கை வைத்துக்கொண்டு கேட்கிறான், முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று. அவனிடம் என்ன சொல்லுவது, பாசிக்கு மருந்து கொடுத்தே ரெண்டு வருஷத்தைத் தின்ன வைத்துவிட்டேன் என்றா? இசக்கிக்கு என்ன, கலியாணம்தானே, கலியாணம் என்ன தூக்குத் தண்டனையா, நான் பண்ணிக்கொண்டு இல்லையா. இப்படி நினைத்ததும் ரெஜினாவுக்கே அருவருப்பாக இருந்தது, வாயைக் கொப்பளிக்க வேண்டும் போல இருந்தது. படிக்கேன்னு சொல்லித்தான் தப்பிச்சுக் கெடக்கேன். அழவா முடியும் அவளால், என்னைப் பார்த்து? மணி அடித்தது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓவென்று வெளியே வந்தார்கள்.

வராந்தாவில் நடக்கும்போதும் மனம் சும்மா வரவில்லை. பேரைச் சொல்லு என்று சார் கேட்டாரே, அது என்னை ஆழம் பார்க்கக் கேட்டதோ? மை விலகின கதையை இசக்கி முன்னாலேயே சொல்லி, பார்ப்போம் இவள் யார் பேரைச் சொல்கிறாள் என்று இருவருமாக உட்கார்ந்திருக்கிறார்களோ? அப்படியென்றால் உண்மையைச் சொல்வதுதான் தப்பிக்கிற வழி. அடச்சீ, உண்மையைக்கூடத் தப்பிக்கிறதற்குத்தான் சொல்லுவாயா? அறைக்குள் இசக்கியம்மாள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள், சுவரோரமாக, ரெண்டு கையும் துப்பட்டாவைப் பிசைந்துகொண்டிருந்தது, டீ குடித்த முகமாகத் தெரியவில்லை. கோமதிநாயகம் சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். "சொல்லு ரெஜினா. பேரு." அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. இசக்கி அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இத்தனை மாசமும் மை விலகுவதைப் பார்த்துக்கொண்டு, மூத்தவள் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். ரெஜினா சொல்லிவிட்டாள். "நாந்தான் சார்." அவர் புரியாமல் பார்த்தார். "வேற யாரும் கை வைக்கல. நாந்தான் வாரா வாரம் மருந்து விட்டேன், அந்த மருந்துலயே நைட்ரஜன் இருக்கு, அதத் தின்னுதான் பச்ச பிடிச்சிருக்கு. இசக்கி குடுவையையும் நாந்தான் தொறந்தேன், அதுலயும் விட்டேன்." சுவரோரம் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. கோமதிநாயகம் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். "ஒனக்கு எரக்கம் ஜாஸ்திம்மா. நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு இந்தப் பிள்ள மூஞ்சியப் பாத்ததும் ஒரு பேச்சு. அவளக் காப்பாத்துத, எனக்குத் தெரியாதா?" என்றவர் இசக்கியம்மாளிடம் கையை நீட்டினார். "சாவியக் குடும்மா." நேற்று நான் விதைத்தது, ஒரே ராத்திரியில் இவருக்குள் எப்படி முளைத்து நிற்கிறது பாருங்கள். இசக்கி பையைத் திறந்து சாவியைத் தேடினாள், கண் தெரியாமல் தேடினாள், கண்ணில் தண்ணீர். "சார்!" என்றாள் ரெஜினா, அந்தச் சத்தம் அவளுக்கே புதுசாக இருந்தது. "ரெண்டு வருஷ அளவு அத்தனையும் தள்ளிருங்க சார். ஒண்ணு விடாம. தீசிஸ்ல வைக்க மாட்டேன். மறுபடி மொதல்லருந்து செய்யுதேன்." நீட்டின கை அப்படியே நின்றது. ரெண்டு வருஷத்தை இரக்கத்துக்காக யாரும் தூக்கிப் போடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும், அவரும் ஒரு காலத்தில் தீசிஸ் எழுதினவர்தானே. "மருந்தையே தின்னுச்சுன்னா அதுவே ஒரு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, "ஒரு ரூமுக்கு ஒரு கைன்னு சொல்லிட்டேன். மாத்த மாட்டேன். ஒனக்கு வேற எடம் பாப்போம்," என்று நீட்டின கையை ரெஜினா பக்கம் திருப்பினார்.

சாவியை வைத்துவிட்டு ரெஜினா வெளியே வந்தாள். இசக்கியம்மாள் முன்னால் நடந்தாள், இவள் பின்னால் நடந்தாள், பையும் கண்ணாடிக் கூடும் ரூமில்தான் கிடந்தன. இசக்கி என்று கூப்பிட்டாள். அவள் நின்றாள், திரும்பவில்லை. "மன்னிச்சுக்கட்டி. ஒம்பேரத்தான் சொல்ல வந்தேன். கடைசி வரைக்கும் ஒம்பேருதான் வாயில இருந்துது." இதை எதற்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கேட்டால் அந்தப் பிள்ளைக்கு வலிக்கும் என்பது மட்டும் தெரிந்தது, இருந்தும் பாதி உண்மையோடு நிற்க முடியவில்லை. "தெரியும் எக்கா," என்றாள் இசக்கியம்மாள். "நானும் ஒங்க பேரச் சொல்லத்தான் போயி நின்னேன். வாய் வரல." பாசி ரூம் கதவைத் திறந்து உள்ளே போனாள். ரெஜினாவின் பையையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துவந்து, பார்த்துப் பத்திரமாக, அவள் கையில் கொடுத்தாள். மூத்தவளுக்குக் கொடுக்கிற மாதிரி ரெண்டு கையாலும்தான் கொடுத்தாள். அப்புறம் உள்ளே போய்க் கதவை மெல்லச் சாத்தினாள். ஒரு நிமிஷம் ஏ.சி. மட்டும் உறுமியது. பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. ரெஜினா பையை மாரோடு அணைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள். அழுகை வந்தது, கோபம் வரவில்லை, வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் காத்திருந்தும் வரவில்லை. அவள் இடத்தில் ரெஜினா இருந்திருந்தால் தாழ்ப்பாளைப் போட்டதோடு நாற்காலியையும் இழுத்து முட்டுக்கொடுத்திருப்பாள்.